மாமன் சீராகப் போன தடுப்பூசி

1

இந்த 1998ஆம் ஆண்டு, அக்டோபர் முதல் வாரத்தில் என் மகள் நித்யா பள்ளியிலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து சமையல் மேசைமேல் போட்டாள். ஹெபடைடிஸ் பி என்னும் ஈரல் நோய்க்கான தடுப்பூசியை அவள் வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே போடப்போகிறார்களாம். பெற்றோர் சம்மதம் வேண்டும். பத்து வருடமாக சுவிட்சர்லாந்தின் இந்தப் பாசல் நகரத்தில் இருக்கிறேன். வந்த நாளிலிருந்து எத்தனையோ தாளில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. இந்த ஊரில் பழைய சோபாவைத் தெருவில் வைப்பதற்கும் ஒரு தாள் உண்டு. ஆனால் இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்துவிட்டேன்.

"கையெழுத்துப் போடுங்கப்பா. நாளைக்குக் குடுக்கணும்," என்றாள் நித்யா.

"இந்த மருந்து நம்ம ஊருக்குப் போன கதை உனக்குத் தெரியுமா?"

"எந்த ஊர்?" என்று கேட்டாள். கிண்டலுக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள். அவளுடைய தமிழ் வீட்டு வாசலோடு நின்றுவிட்ட தமிழ். 'நம்ம ஊர்' என்றால் அவளுக்கு ரைன் நதிக்கரையும், பச்சை நிற டிராம் வண்டியும்தான்.

அவளுக்கு அன்று சொன்னதை, கோயமுத்தூரில் இதைப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். தேதி தெரிந்த இடத்தில் தேதி போட்டிருக்கிறேன். தெரியாத இடத்தில் மாதத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

2

நான் துணிச் சாய ரசாயனம் படித்தவன். பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு சாயப்பட்டறையில் சில வருடம் வேலை செய்துவிட்டு, 1988இல் இங்கே ஒரு சாயத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்துக்கு வந்தேன். என் ஒரே தங்கை சாந்தாமணி பல்லடம் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். அவள் கணவர் மயில்சாமி கோழிப்பண்ணை வைத்திருக்கிறார்.

1994 பிப்ரவரியில் தங்கை போன் செய்தாள். அவள் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். குரலில் வழக்கமான கலகலப்பு இல்லை.

"அண்ணா, ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. என்ற ஈரல்ல ஏதோ காமாலைக் கிருமி இருக்குதாம். எனக்கு ஒண்ணும் பண்ணாதாம். பொறக்கற கொழந்தைக்குத்தான் ஒட்டிக்குமாம்."

"டாக்டர் என்ன சொல்றாங்க?"

"பொறந்த ஒரு நாளைக்குள்ள ஊசி போட்டுப்போடணுமாம். அப்பறம் ஒரு மாசத்துல ஒண்ணு, ஆறு மாசத்துல ஒண்ணு. மருந்து வெளிநாட்டுலருந்துதான் வருதாம். இங்க இருந்தா இருக்குமாம், இல்லாட்டி இல்லையாம். வெலையக் கேட்டா இவருக்கே வேர்த்துப்போச்சு."

கைக்குழந்தையாக இருக்கும்போது ஒட்டிக்கொண்டால் அந்தக் கிருமி அநேகமாக ஆயுளுக்கும் போகாது என்று நான் படித்திருந்தேன். முப்பது, நாற்பது வயதில் ஈரலைத் தின்னும். அவளிடம் அதைச் சொல்லவில்லை. டாக்டர் முன்பே சொல்லியிருந்தார் என்பது பின்னால் தெரிந்தது.

எங்கள் பக்கம் தாய்மாமன் சீர் என்றால் சாதாரண விஷயம் இல்லை. குழந்தைக்கு வெள்ளி அரைஞாண், கொலுசு, தட்டு நிறையப் பழம் என்று மாமன் வந்து இறங்க வேண்டும். இறங்காவிட்டால் ஊரே கேட்கும். சாந்தாமணி போனை வைக்கும் முன்பு சொன்னாள்: "கொலுசெல்லாம் வேண்டாமுங்கண்ணா. இந்த ஊசிய மட்டும் சீரா அனுப்பிப்போடுங்க."

மறுநாளே மருந்துக்கடைக்குப் போனேன். என் ஜெர்மன் அப்போது அரைகுறை. நாம் 'ங்க' வைக்கிற இடத்திலெல்லாம் அவர்களுடைய 'பிட்டே'யை வைத்துப் பேசுவேன். மரியாதையில் குறை இருக்காது, அர்த்தம்தான் சில சமயம் வழி தவறும். கடைக்காரர் பொறுமைசாலி.

"யாருக்கு மருந்து?"

"என் தங்கையின் குழந்தைக்கு."

"பிறந்த தேதி?"

"இன்னும் பிறக்கவில்லை."

"பெயர்?"

"அதுவும் இல்லை."

"எந்த நாட்டில் வசிக்கிறது?"

"இன்னும் எந்த நாட்டிலும் வசிக்கவில்லை. பிறந்தால் இந்தியாவில்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, சீட்டு இல்லாமல் தர முடியாது என்று அன்பாகச் சொன்னார். டாக்டரிடம் போனேன். அவர் பிறக்காத குழந்தைக்குச் சீட்டு எழுத முடியாது என்று ஒருமுறையும், வேறு நாட்டுக் குழந்தைக்கு எழுத முடியாது என்று ஒருமுறையும் அனுப்பிவிட்டார். மூன்றாம் முறை போனபோது, நான் நகரமாட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பயணத்துக்கான மருந்து என்று எழுதித் தந்தார்.

கோயமுத்தூர் கணபதியில் பம்ப்செட் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் அந்த ஏப்ரலில் ஜெர்மனியில் ஒரு கண்காட்சிக்கு வந்திருந்தார். திரும்பிப் போகும்போது மருந்துக் குப்பியை அவரிடம் ஒப்படைத்தேன். குளிர்பெட்டி, அதன்மேல் ஒட்டிய தமிழ்த் துண்டுச்சீட்டு: குளிர்ச்சி வேண்டும், உறையக் கூடாது. அவர் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"உள்ள என்னுங்க இருக்குது? பிரிச்சுப் பாத்தா நாமளே செஞ்சுபோட முடியாதுங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கோயமுத்தூர்க்காரன் எதைக் கையில் கொடுத்தாலும் இதைத்தான் கேட்பான். சீமை மோட்டாரைப் பிரித்துப் பார்த்து வார்ப்பு எடுத்த ஊர் அல்லவா! இது மோட்டார் இல்லை, உயிர் சம்பந்தப்பட்ட நுணுக்கம் என்றேன். அவர் ஒப்புக்கொண்ட மாதிரித் தெரியவில்லை.

3

இனி நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. அந்த வருடக் கடைசியில் ஊருக்குப் போனபோது எல்லாரும் சுற்றி உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் மறித்து மறித்துச் சொன்னது.

பீளமேட்டு விமான நிலையத்துக்கு மயில்சாமியே போய்ப் பெட்டியை வாங்கியிருக்கிறார். சித்திரை வெயில். பண்ணையில் ஒரு ஃபிரிட்ஜ் உண்டு. கோழிக்குப் போடும் ராணிக்கெட் நோய் மருந்து அதில்தான் இருக்கும். அந்த மருந்து பொடியாக உலர்த்தி அடைத்தது. உறைந்தால் கெடாது. எவ்வளவு குளிரோ அவ்வளவு நல்லது. பதினைந்து வருடமாக ஆயிரக்கணக்கான கோழிக்கு மருந்து கொடுத்த கை. துண்டுச்சீட்டை அவர் படிக்கவில்லை. அக்கறை இல்லாததால் அல்ல, மருந்தைக் காப்பாற்றுவதில் தமக்கு மேல் ஆள் இல்லை என்ற நம்பிக்கையால். பண்ணையிலேயே உயர்ந்த இடமான ஐஸ் பெட்டிக்குள், சாமி படத்துக்கு முன்னால் வைப்பதுபோல் குப்பியை வைத்தார்.

வலி எடுத்ததும் குப்பியைத் தூக்குவாளியில் ஐஸ் நிரப்பிப் போட்டுக்கொண்டு ஆர்.எஸ்.புரத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். குழந்தை காலையில் பிறந்தது. பெண். டாக்டரம்மா குப்பியை வாங்கி, உள்ளங்கையில் வைத்து உருகவிட்டு, குலுக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பால் போல ஒரே மாதிரி இருக்க வேண்டிய மருந்து திரிதிரியாகப் பிரிந்து அடியில் இறங்கியது.

"இத எங்க வெச்சிருந்தீங்க?"

"நல்ல எடத்துலதானுங்க அம்மா. ஐஸ் பொட்டில. கோழி மருந்துகூட அங்கதானுங்க வெப்பேன்."

"கோழி மருந்து உறையலாம். இது உறஞ்சா செத்துப்போச்சு. இதப் போடறதும் தண்ணியப் போடறதும் ஒண்ணு."

மயில்சாமி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாராம். சாந்தாமணி உள்ளே படுத்தபடி, "என்னாச்சுங்க? போட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். அவளிடம் போய்ச் சொல்ல ஒருவருக்கும் தைரியம் இல்லை. ஒரு நாள் என்ற கெடு ஓடத் தொடங்கியிருந்தது.

டாக்டரம்மா கடை கடையாக போன் செய்தார். தனிக் குப்பி எங்கும் இல்லை. ஒரு விநியோகஸ்தரிடம் பெரிய குப்பி ஒன்று இருந்தது. பெரியவர்கள் பத்துப் பேருக்குப் போடும் அளவு. குழந்தைக்கு அதில் சின்னத் துளிதான் வேண்டும். முழுக் குப்பியை வாங்க ஒரு குடும்பத்தால் ஆகாது. திறந்து மீதியைக் கொட்டுவதற்கு டாக்டரம்மாவுக்கு மனம் இல்லை.

"ஆள் சேத்தீங்கன்னா பிரிச்சுக்கலாம். அவங்களுக்கும் இது நல்லதுதான். சாயங்காலத்துக்குள்ள வரணும்," என்றார்.

மயில்சாமி எழுந்தார். எதிரே இருந்த கடையிலிருந்து பல்லடத்துக்கு போன் போட்டார். கோழித் தீவனக் கடையில்தான் பண்ணைக்காரர்கள் கூடுவது. மதியம் தாண்டி, குஞ்சு ஏற்றுகிற வேன் ஒன்று ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. உள்ளே குஞ்சுப் பெட்டிகளுக்கு நடுவே வேட்டியை மடித்துக் கட்டிய பண்ணைக்காரர்கள்.

"ஏனுங்க மயிலு, எத்தன கோழிக்கு ஊசி போட்டிருக்கறோம். இன்னைக்கு நம்மளப் புடிச்சுப்போட்டீங்களே!"

"பேசாம நில்லுங்க மாமா. கோழிகூட இவ்வளவு கத்தாது."

"றெக்கைக்கு அடியிலயா அம்மா, தொடையிலயா?"

"கையில," என்றார் டாக்டரம்மா. "சட்டையக் கழட்டுங்க. இது தீவனத்துல கலந்து குடுக்கற மருந்து இல்ல."

முதல் துளி குழந்தைக்கு. பிறகு வரிசையாக அவர்களுக்கு. ஒருவர் ஊசியைக் கண்டதும் மயங்கி விழுந்ததாகவும், அவர்தான் பல்லடத்திலேயே பெரிய பண்ணை வைத்திருப்பவர் என்றும் மயில்சாமி நாலு முறை சொன்னார். பணத்தையும் தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். குழந்தையின் பங்கை மட்டும் மயில்சாமியிடம் வாங்க மறுத்துவிட்டார்களாம். "புள்ளைக்கு எங்க சீருங்க," என்று சொல்லிவிட்டார்கள்.

டாக்டரம்மா என்னிடம் ஒன்று சொன்னார். படித்த குடும்பங்கள்கூட இரண்டாம் ஊசிக்கு வராமல் விட்டுவிடுமாம். இவர்கள் மூன்று ஊசிக்கும் அதே வேனில், சொன்ன நாளில் வந்து நின்றார்களாம். "பூஸ்டர் போடாம விட்டா என்ன ஆகும்னு அவங்களுக்கு நான் சொல்லவே வேண்டியதில்ல," என்று சிரித்தார். அவர் கண்ணில் பெருமிதம் இருந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது மயில்சாமி ஒரு கேள்வி கேட்டார். "மச்சான், கோழி மருந்து நம்மூர்லயே செய்யறாங்க. சல்லிசாக் கெடைக்குது. மனுசனுக்கு மட்டும் ஏனுங்க சீமையிலருந்து வரோணும்?"



ஒரு வயதானதும் குழந்தையின் ரத்தத்தைச் சோதிக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். குழந்தைக்குப் பூங்கொடி என்று பெயர் வைத்தார்கள். ஒரு வயது வந்தது, இரண்டு வந்தது. மயில்சாமி கூட்டிப் போகவில்லை. தங்கை கேட்டால், "அடுத்த மாசம்" என்பார். எனக்கு மட்டும் ஒருமுறை போனில் சொன்னார்: "நான் கெடுத்த குப்பிங்க மச்சான். அதனால நேரம் போயிருச்சுங்க. தெரியாத வரைக்கும் நல்லா இருக்குதுன்னு நெனச்சுக்கலாமுங்க."

4

மருந்து ஏன் சீமையிலிருந்து வர வேண்டும் என்ற மயில்சாமியின் கேள்விக்குப் பதில் தேடி நான் படிக்கத் தொடங்கினேன். இங்கே நூலகம் பெரியது.

பூங்கொடி பிறந்த அதே வாரம், 1994 ஏப்ரல் 15 அன்று, மொராக்கோ நாட்டில் மராக்கேஷ் நகரில் உலக வணிகத்துக்கான காட் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்கு முன் நம் நாட்டில் இருந்தது 1970ஆம் வருடக் காப்புரிமைச் சட்டம், 1972 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டம் மருந்து என்ற பொருளுக்கு உரிமை தரவில்லை, அதைச் செய்யும் முறைக்கு மட்டும் தந்தது. ஒருவர் கண்டுபிடித்த அதே மருந்தை வேறொருவர் வேறு வழியில் செய்தால் குற்றமில்லை. புதிய ஒப்பந்தப்படி, பொருளுக்கே உரிமை தர வேண்டும். நம்மைப் போன்ற நாடுகளுக்கு 2005 வரை தவணை.

இதை வீட்டில் விளக்கியபோது நித்யா முகத்தைச் சுளித்தாள். "அது திருட்டு இல்லையாப்பா? எங்க டீச்சர் சொல்றாங்க, ஒருத்தர் கண்டுபிடிச்சத இன்னொருத்தர் எடுக்கக் கூடாது."

"டீச்சர் சொல்றதுலயும் நியாயம் இருக்குது," என்றேன். நான் தினமும் சோதனைக்கூடத்தில் நிற்பவன். ஒரு சாயம் துணியில் நிற்பதற்குள் எத்தனை பேருடைய எத்தனை வருடம் கரைகிறது என்று பார்த்தவன். அந்த உழைப்புக்குக் கூலி வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன்.

பக்கத்து வீட்டுக் கெல்லர் அன்று காபிக்கு வந்திருந்தார். ஓய்வு பெற்ற சாய ரசாயனர், எண்பதை நெருங்கியவர். நித்யாவின் கேள்வியை ஜெர்மனில் கேட்டுத் தெரிந்துகொண்டு, கோப்பையைக் கீழே வைத்தார்.

"உன் டீச்சரிடம் கேள். என் தாத்தா காலத்தில் இந்தப் பாசல் நகரத்தில் சாயம் எப்படித் தொடங்கியது? பிரான்சில் ஒருவர் கண்டுபிடித்தார். அங்கே சட்டம் இருந்தது, இங்கே இல்லை. அதனால் இங்கே செய்தோம். மருந்துப் பொருளுக்கு இந்த நாட்டில் காப்புரிமை வந்தது எழுபதுகளின் பின்பாதியில். நான் அப்போது நரைத்தவன்!"

நித்யா அவரை வாய் பிளந்து பார்த்தாள். அவர் சிரித்துவிட்டு, "முதலில் கற்றுக்கொண்டோம். பிறகு கண்டுபிடித்தோம். பிறகு கதவுக்குப் பூட்டுப் போட்டோம்," என்றார். பூட்டு தவறு என்று அவர் சொல்லவில்லை. வரிசையை மட்டும் சொன்னார். தன் ஊரின் கதையை இப்படி ஒளிக்காமல் சொல்லும் மனிதர்மேல் எனக்கு மதிப்பு கூடியது.

1997இல் ஊர்ப் பத்திரிகையில் அந்தச் செய்தி வந்தது. நம் நாட்டிலேயே, மரபணு மாற்றிய ஈஸ்ட்டிலிருந்து ஹெபடைடிஸ் தடுப்பூசி செய்துவிட்டார்கள். சீமைக்காரர்கள் பயன்படுத்திய ஈஸ்ட் ஒன்று. இவர்கள் எடுத்தது வேறொரு ஈஸ்ட், வேறொரு வழி. இருந்தும் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றுதான். விலை பழைய விலையின் சிறு பங்கு. அதைப் படித்த அன்று டிராமில் நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். பட்டறை நண்பர் குப்பியைத் தூக்கிப் பார்த்துக் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. அவர் கேட்டது அப்படியொன்றும் சிரிக்கிற கேள்வி இல்லை. பிரித்துப் பார்த்தால் மட்டும் போதவில்லை, ஆய்வுக்கூடத்தில் வருடக்கணக்காக உட்கார வேண்டியிருந்தது. ஆனால் உட்கார்ந்துவிட்டார்கள்.

2005க்குப் பிறகு வரும் புதிய மருந்துகளுக்கு என்ன வழி? தெரியவில்லை. அது என்னை உறுத்துகிறது. அதற்காக 1997இல் நடந்ததன் மதிப்பை நான் குறைத்துச் சொல்லத் தயாராக இல்லை.

5

இந்த ஜூலையில் சாந்தாமணிக்கு இரண்டாவது பிரசவம். ஜூன் மாதமே போன் செய்து, "மருந்து வாங்கிவரட்டுமா?" என்று மயில்சாமியைக் கேட்டேன்.

"வெறுங்கையோட வாங்க மச்சான். பல்லடத்துலயே, பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல மருந்துக் கடையிலயே இருக்குது."

உண்மையைச் சொன்னால், தாய்மாமனுக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. வெள்ளிக் கொலுசு வாங்கிக்கொண்டேன்.

பையன் பிறந்தான். அதே ஆர்.எஸ்.புரத்து ஆஸ்பத்திரி, அதே டாக்டரம்மா. மயில்சாமி ஒரு வாய் அகன்ற பிளாஸ்க்கோடு வந்தார். உள்ளே ஐஸ் கட்டி, அதன்மேல் மடித்த செய்தித்தாள், அதன்மேல் பஞ்சு, அதற்குள் குப்பி. ஐஸ் குப்பியைத் தொடவே இல்லை.

டாக்டரம்மா கையை நீட்டினார். மயில்சாமி கொடுக்கவில்லை. தாமே குப்பியை மெல்லக் குலுக்கி, ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"பாருங்க மச்சான். ஒரே மாதிரி பாலாட்ட இருக்குது. திரியே இல்லீங்க."

"டாக்டர் நானா, நீங்களா?" என்றார் டாக்டரம்மா. "குடுங்க இப்படி." ஊசி போட்டு முடித்ததும் அவர் பூங்கொடியைப் பக்கத்தில் இழுத்தார். நாலு வயதுக் குழந்தை, தம்பியைப் பார்க்க வந்தவள். "இவளுக்கும் இன்னைக்கே ரத்தம் எடுக்கறேன். மூணு வருசமா ஏமாத்திட்டீங்க. இன்னைக்கு அவ மாமனும் இருக்கறாரு, தப்ப முடியாது."

மயில்சாமி என்னைப் பார்த்தார். நான் பூங்கொடியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன். காதுகுத்துக்கு மடி கொடுக்கும் தாய்மாமன், ரத்தப் பரிசோதனைக்கும் கொடுத்தேன். அவள் அழவில்லை. அவள் அப்பாதான் வெளியே போய்விட்டார்.

மறுநாள் முடிவு வந்தது. டாக்டரம்மா அதை மயில்சாமியிடம் தராமல் தாமே படித்தார். கிருமி இல்லை. எதிர்ப்புச் சக்தி நன்றாக இருக்கிறது. அந்தச் சித்திரை நாளில் கெடுவுக்குள் விழுந்த முதல் துளி தன் வேலையைச் செய்திருந்தது.

சாந்தாமணி கட்டிலில் இருந்தபடியே ஓவென்று அழுதாள். மயில்சாமி பெஞ்சில் உட்கார்ந்து, பூங்கொடியின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "வேன்ல வந்தவங்களுக்கெல்லாம் சொல்லோணும்," என்று எழுந்து, டெலிபோன் கடையைத் தேடிப் போனார்.

இத்தனையும் அன்று நித்யாவிடம் சொன்னேன். கேட்டாளா, தூங்கினாளா என்று தெரியவில்லை. தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

போன வாரம் பள்ளியில் ஊசி போட்டார்கள். மாலையில் வந்து, பையை எறிந்துவிட்டு, ரொட்டியை எடுத்துக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, அந்த நர்ஸ் ஃபிரிட்ஜ்லருந்து குப்பிய எடுத்து அப்படியே ஊசில ஏத்தப் போனாங்க. நான் நிறுத்திட்டேன்."

"எதுக்கு?"

"மொதல்ல குலுக்கி வெளிச்சத்துல காட்டுங்கன்னு சொன்னேன். 'உனக்கு யார் சொல்லிக்கொடுத்தாங்க?'ன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

வாய் நிறைய ரொட்டியோடு அவள் என்னைப் பார்த்தாள், இது ஒரு கேள்வியா என்பதுபோல.

"எங்க ஊர்ல கோழிப்பண்ணை வெச்சிருக்கிற மாமான்னு சொன்னேன்."